உடம்புக்குத் தெரியாத நாள்

ஒரு பேட்ஸ்மேனின் உடம்பைப் பழைய நாள் ஒன்றுக்குத் திருப்பி வைக்க எங்களுக்குப் பதினோரு நிமிடம் ஆகும். ஊசி கிடையாது, மயக்கமருந்து கிடையாது. ஒரு நாற்காலி, தலைக்கு ஒரு தொப்பி, கை கால்களுக்கு எட்டுப் பட்டைகள். பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிடுவார்கள்.

நொய்யல் அணியில் இந்த வேலையைச் செய்தவன் நான். வீரர்கள் தலைக்கவசத்துக்குள் மெல்லிய வலை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் ஆடுவார்கள். மூச்சு, துடிப்பு, எந்தத் தசை எப்போது எவ்வளவு இறுகியது, மூளை எதற்குத் தயாராக இருந்தது, எல்லாம் அதில் பதிவாகும். நன்றாக ஆடிய நாளின் பதிவைப் பிற்பாடு அதே உடம்பில் ஏற்றலாம். ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது திறமை இல்லை. உடம்பு இருக்கும் ஒரு நிலை. நிலை என்றால் எடுத்து வைக்கலாம்.

இளம்பரிதிக்கு ஆறு முறை ஏற்றினேன்.

பரிதி எங்கள் அணியில் மூன்றாவதாக இறங்குபவன். முப்பத்தொரு வயது. பதினான்கு மாதமாக அடிக்கவில்லை. 4, 0, 11, 2, 0, 7. இந்த ரகம். கண்ணில் குறை இல்லை, முழங்காலில் குறை இல்லை. மட்டை தாமதமாக இறங்கியது. இமை ஒருமுறை மூடித் திறக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குத் தாமதம். அது போதும், ஸ்டம்ப் பறக்க.

"பந்தப் பாக்கத்தான் செய்யுதான்," என்பார் பயிற்சியாளர் எபினேசர், பாளையங்கோட்டைக்காரர். "அது கீப்பர் கைக்குப் போனப்பொறவு பாக்கான்."

காரணம் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு மாதத்துக்கு முன் அவனுடைய ஐந்து வயது மகள் சஹானா டெங்குவில் செத்துப்போனாள். நான் ஏற்றிய அந்த சீசன் முடிந்ததும் அணியின் ஒப்பந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படும். பரிதி அதில் இருக்கமாட்டான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வயதில், பதினான்கு மாதம் அடிக்காதவனை வேறு எந்த அணியும் எடுக்காது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மட்டையைத் தவிர அவன் கையில் வேறு எதுவும் இல்லை.

"மொத்தப் பதிவயும் எடு," என்றார் எபினேசர். "ரன் வரிசையில போடு."

போட்டேன். எங்கள் தொழிலில் நாள் என்றால் ரன். திங்கள், செவ்வாய், மழை, வெயில், அன்று வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்பதற்கெல்லாம் திரையில் இடம் கிடையாது. முதல் வரியில் 187 என்று இருந்தது.

"அதப் போடு."

"சார், அது அந்த நாளு."

"தெரியும்லே. அன்னைக்குத்தான ஆடினான்? அடுத்தது என்ன இருக்கு?"

"அறுபத்தி நாலு. பதிவு பண்ண ஆரம்பிச்சதே அந்த வருஷம்தான சார். மூணு கேட்ச் விட்டானுங்க அதுல."

"பொறவென்ன? 187 போடு."

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் ஆட்டத்தின் இரண்டாம் நாள். ஆட்டம் நடக்கும்போது வீரர்களின் கைப்பேசிகளை உறையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். அவசரத்துக்குப் பயிற்சியாளரிடம் மட்டும் ஒன்று இருக்கும். மதியம் இரண்டு பத்துக்கு அது அடித்தது. நான் எபினேசருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பரிதியின் மனைவி பிருந்தாவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள், அவரை வரச் சொல்லுங்கள் என்றாள். "சொல்லுதேம்மா, நீ தைரியமா இரு," என்றார் எபினேசர். பரிதி அப்போது நூற்றுப் பன்னிரண்டில் இருந்தான்.

ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போது எங்கள் அறையில் யாரும் இடம் மாறக் கூடாது. கால் மேல் கால் போட்டிருந்தால் அப்படியே. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். எழுந்தால் விக்கெட் விழும். இதை நம்பாதவர்களும் கடைப்பிடிப்பார்கள். எபினேசர் எழவில்லை. நானும் எழவில்லை. தேநீர் இடைவேளையில் பரிதி உள்ளே வந்து ஒரு வாழைப்பழம் தின்றான். அப்போது அவன் ரன் நூற்று ஐம்பத்தொன்று. காய்ச்சல்தானே என்று இரண்டு பேரும் நினைத்தோம். மூன்று ஐம்பதுக்குக் குழந்தை போய்விட்டது. நான்கு முப்பத்தைந்துக்கு அவன் அவுட் ஆகி, மட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான். எபினேசர் வாசலில் நின்று சொன்னார்.

அதற்குப் பிறகு எப்போது பந்து மட்டையின் நடுவில் சரியாகப் படப் போகிறதோ, அப்போதெல்லாம் அவன் உடம்பு பின்வாங்கியது. அந்தச் சுகம் என்ன விலைக்கு வந்தது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. தாமதம் அதுதான். இயந்திரம் எனக்கு அதைச் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன். புரிந்தும் ஏற்றினேன்.

ஏற்றும் முன் பரிதியிடம் எந்த நாள் என்று சொன்னேன்.

"மறந்து போயிருமா பாய்?"

"இல்ல. நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். புத்திக்குத் தெரிஞ்சத இது தொடாது. உடம்புக்குத் தெரிஞ்சத மட்டும் அன்னைக்கு மத்தியானத்துக்குத் திருப்பி வைக்கும். ஒரு வாரத்துல கரஞ்சிரும். வாராவாரம் மேட்ச், அடுத்ததுக்கு மறுபடி போடணும்."

"எத்தன தடவ போடலாம்?"

"ஆறு. ஏழாவது போட்டா ஊறிப்போகும். அப்புறம் கரையாது. வேற நாளும் மேல ஏறாது."

"ஏழுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்ல?"

"ஃபைனலுக்குப் போனா ஏழு."

சிரித்தான். "நாம எப்பப் பாய் ஃபைனலுக்குப் போயிருக்கோம்?" ஏழுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான்.

முதல் ஆட்டத்தில் தொண்ணூற்று மூன்று. இரண்டாவதில் நூற்று நாற்பத்தொன்று. சத்தமே வேறு மாதிரி இருந்தது. நல்ல கட்டையைச் சுத்தியலால் தட்டுவது போல. பத்திரிகைகள் மன உறுதி என்று எழுதின. எங்கள் கீப்பர் என் அறைக்கு வந்து, "பாய், எனக்கும் ஒரு நாளு போட்டு வுடுங்க. கல்யாணத்துக்கு மொத நாளாப் பாத்து," என்றான். எல்லோரும் சிரித்தோம். பரிதியும் சிரித்தான். அதுவரை அணியில் அவனைச் சிரிக்க வைக்க யாரும் முயலவில்லை. இப்போது அவன் தோளில் கை போட்டார்கள், சாப்பாட்டு மேசையில் அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றார்கள்.

எபினேசர் அதோடு விடவில்லை. பிருந்தாவைக் கூப்பிட்டுப் பேசினார். கூடத்தில் மாட்டியிருக்கும் குழந்தையின் படத்தை சீசன் முடியும் வரை எடுத்து வைக்கச் சொன்னார். "ஓடிட்டிருக்கும்போது யாரும் எடம் மாத்தப்படாதும்மா. வீடும் அப்படித்தான். அழுகிறது, கோயிலுக்குப் போறது எதுவும் அவன் கண்ணு முன்னால வேண்டாம். ஒனக்காகவும்தான் சொல்லுதேன்."

அவள் படத்தை எடுத்துப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். இது எனக்குத் தெரிந்தது ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு. அரையிறுதியில் பரிதி நூற்றுப் பதினெட்டு அடித்து எங்களை இறுதிக்குக் கொண்டு போயிருந்தான். இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அரையிறுதிக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பிருந்தா என் அறை வாசலில் நின்றாள். கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். உட்காரச் சொன்னேன். அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று ஸ்டூலை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, அவருக்கு என்ன பண்ணி வச்சிருக்கறீங்க?"

"அவர் சொல்லலையா?"

"சொன்னாரு. ஃபார்ம் ஏத்தறாங்கன்னாரு. வெயிட் ஏத்தறாங்கங்கற மாதிரி." ஹெல்மெட்டின் பட்டையை விரலில் சுற்றினாள். "ரோடு தாண்டறப்ப அவரு எடது கை தானா கீழ போவுதுங்ண்ணா. புடிக்கறக்கு. அங்க ஒண்ணும் இல்லைன்னதும் சும்மா ஆட்டிட்டு நடக்கறாரு. ராத்திரி பாத்ரூம் லைட்ட அணைக்கறதில்ல, புள்ள எந்திரிச்சா பயப்படும்னு. நான் அணைச்சா, 'அட, ஆமா'ங்கறாரு. அவ்வளவுதான். மறந்து போன சாவிய ஞாபகப்படுத்துன மாதிரி."

திரையை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"நான் அழுதா முதுகத் தட்டிக் குடுக்கறாரு. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. விசில் அடிக்கறாருங்ண்ணா. குளிக்கறப்ப."

"சீசன் முடிஞ்சா…"

"இருங்க. போன புதன்கெழம புள்ளைக்குப் பொறந்தநாளு. பொதச்ச எடத்துக்குப் போயிப் பால் ஊத்துனோம். வரமாட்டாருன்னு நெனச்சேன், வந்தாரு. சார் சொன்னாருன்னு நான் அழுகாம நின்னேன். இவரு குத்த வச்சு, மண்ண பெருவிரலால அமுத்திப் பாத்தாரு. நான், சரி, தொட்டுப் பாக்கறாருன்னு…" நிறுத்தினாள். "'ஈரமே இல்ல பிருந்தா, பந்து நல்லா வரும்'னாரு."

வெளியே யாரோ பயிற்சி வலைக்குள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த நாள ஏத்துனீங்க?"

தேதியைச் சொன்னேன்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "அன்னைக்கு நான் அவரு ஃபோனுக்குப் பதினோரு தடவ கூப்புட்டேன்," என்றாள். "அப்பறம் சாருக்குக் கூப்புட்டேன்."

"தெரியும். நான் பக்கத்துல இருந்தேன்."

அதற்கும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். ஏழாவதைப் பற்றிச் சொன்னேன். ஏற்றினால் திரும்பாது என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றும் சொன்னேன்.

"இப்பக் கேட்டா சரின்னுதான் சொல்லுவாரு. அவருக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, வேண்டாம்னு சொல்றக்கு." எழுந்தாள். "கரைய வுடுங்க. கரஞ்சப்பறம் கேளுங்க. புள்ளயோட அப்பாகிட்டக் கேளுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஆள் வேண்டாம்னு சொன்னா வுட்டுருவீங்களா?"

"விட்டுடறேன்."

எபினேசரிடம் சொன்னேன். திட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டான்லா? ஃபைனலு முந்தின நாள் வரைக்கும் அவன் இழவு வீட்டுல உக்காந்திருக்கணுமா? நீ மிஷின் ஓட்டுதவன், பாதிரியார் இல்ல."

"கேக்காம நான் போடமாட்டேன் சார். வேற ஆள வச்சுப் போட்டுக்கிடுங்க."

வேறு ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். "ஒன்னயும் என்னயும் அன்னைக்கு யாராவது கேட்டாங்களாலே?" என்று முனகிவிட்டுப் போனார். அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியாது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். பரிதி மூன்று நாள் சவரம் செய்யவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஏழெட்டு நாளில் உடம்பு அவ்வளவு இளைக்காது. ஆனால் சுமை ஏறியதும் ஆள் குறுகிவிடுகிறான். பிருந்தா அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய முகத்தில் அன்று கிட்டத்தட்ட வெளிச்சம் இருந்தது. பதினான்கு மாதமாக இருவரும் சேர்ந்து அழுதார்கள், பிறகு ஒன்றரை மாதம் அவள் தனியாக அழுதாள். நான்கு நாளாக மறுபடி சேர்ந்து அழுதிருக்கிறார்கள். அது அவளுக்குத் துணை.

எபினேசர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"பரிதி," என்றேன். "இது ஏழாவது. போட்டா திரும்பாது. அவங்க உங்கள ஒரு வார்த்த கேக்கச் சொன்னாங்க. வேண்டாம்னா வேண்டாம். கையெழுத்து கணக்கில்ல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிருந்தா அவன் கையை மெல்ல விட்டாள், அவனே சொல்லட்டும் என்று.

"போடுங்க பாய்."

"ஏங்க?" என்றாள் பிருந்தா.

"போடட்டும்."

"ஃபைனல் போனாப் போவுதுங்க. இந்தப் பட்டியல் போனாப் போவுது. என்ற அண்ணன் மில்லுல சேத்துக்கறேன்னு சொல்லீருக்குது. நாம…"

"ஃபைனலுக்கு இல்ல பிருந்தா. ரன்னும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். பால் ஊத்துன எடத்துல நான் என்ன பேசுனேன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. அப்ப ஒண்ணும் தெரியல. நாலு நாளு முந்தி காலைல, பல்லு வெளக்கறப்ப, அது வந்துச்சு. மொத்தமா வந்துச்சு. இத்தன நாளு வராதது எல்லாம் சேத்து." நெஞ்சைத் தொடவில்லை, வயிற்றைத் தொட்டான். "இங்க. என்னால முடியல. ஒருக்கா இல்லாம இருந்து பாத்துட்டேன். அது தெரியாம இருந்திருந்தா எப்படியோ இதோட இருந்திருப்பேன்."

எபினேசர் சுவரை விட்டு வந்தார். இதைத்தான் அவர் கேட்டிருந்தார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. "ஏலே பரிதி, அவசரப்படாத. ஃபைனலு கெடக்கட்டும். ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார். நீங்க அன்னைக்குச் சொல்லாம வுட்டீங்கல்ல? அந்த ரெண்டரை மணி நேரம்தான் சார் நான் கடசியா நல்லா இருந்தது. என்னய அங்கயே வுட்டுருங்க."

எபினேசர் அறையை விட்டு வெளியே போனார்.

பரிதி தானே போய் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டைகளுக்காகக் கையை நீட்டினான். பழகிய ஆள். நான் பிருந்தாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் இயந்திரம் கெட்டுப்போனதாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். அவன் பெயர், அதன் கீழே வரிசையாக எண்கள். எல்லாம் ரன்.

"இதுல என்ற நாளு ஏதாச்சும் இருக்குதாங்ண்ணா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அதுக்கு முந்தின நாளா இருந்தாக்கூடப் போதும். எதுனாலும்."

"ஆடறவங்கள மட்டும்தாம்மா பதிவு பண்றது."

"இவரோடத எனக்கு ஏத்த முடியாதா?"

"முடியாது. உடம்பு வேற."

தலையாட்டினாள். டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல. பிறகு போய் அவன் தலைக்கு மேலிருந்த தொப்பியைப் பிடித்து, முடி மாட்டிக்கொள்ளாமல் தானே சரியாக வைத்துவிட்டாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கண்ணைத் திறக்கவில்லை.

"போடுங்க," என்றாள்.

பதினோரு நிமிடம். அவன் நெற்றிச் சுருக்கம் மூன்றாவது நிமிடத்தில் விட்டது. ஆறாவதில் தோள் இறங்கியது. ஒன்பதாவது நிமிடத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து, கை அவன் மடியில் விழுந்தது. அவள் தன் கையை அங்கேயே, காற்றில், அப்படியே வைத்திருந்தாள்.

பச்சை விளக்கு வந்தது. தொப்பியை எடுத்தேன். பரிதி கண்ணைத் திறந்து, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கிக்கொண்டான். எழுந்து தோளைச் சுழற்றினான்.

"வெளிய வெயிலு எப்படிப் பாய்? பிட்ச்ச மூடி வச்சிருக்கானுங்களா, தொறந்துட்டானுங்களா?"

"தெரியல."

கதவை நோக்கி நடந்தவன் பிருந்தாவைப் பார்த்து நின்றான். அவள் முகத்தைக் குனிந்து பார்த்தான். அக்கறையாகத்தான் பார்த்தான்.

"ஏன் அழுவற?" என்றான்.

அவன் காத்திருந்தான். பழைய ஃபோன் நம்பர் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்பவனைப் போல அவன் புருவம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

"ஓ," என்றான். "ஆமால்ல."

அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வலைப்பயிற்சிக்குப் போனான்.